மலைக்காற்றும் டர்போ எஞ்சினும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப்பாதையில் ஏறும் பழைய கார் ஏன் திணறுகிறது? செங்குத்தான ஏற்றம் மட்டுமே காரணம் அன்று. 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரிபொருள் எரிவது குறையும், இழுவையும் தளரும்.

இக்குறையை ஈடுசெய்வது டர்போ என்னும் கருவி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும். நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கும் மேல் சுழலக்கூடிய அத்தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே!

பழைய டர்போ காரை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்கும் இளைஞர்கள், காற்றழுத்தத்தை உயர்த்துவதிலேயே முதலில் ஆர்வம் கொள்கின்றனர். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றுக்கேற்ப எரிபொருளைக் கூட்டாமலும், தீப்பொறி எழும் கணத்தைச் சற்றுப் பின்தள்ளாமலும் விட்டால், கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சிதைத்துவிடும். மேலும், எண்ணெய்க் குழாயில் படிந்த கரியை நீக்காமல் பொருத்தப்படும் புதிய டர்போ நெடுநாள் உழைக்காது.

அக்கரி எங்கிருந்து வருகிறது? மலையேறி நின்றவுடன் எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவில் தேங்கிய எண்ணெய் அச்சூட்டிலேயே கருகும். ஆகவே வெள்ளிமலையை அடைந்ததும் ஓரிரு நிமிடங்கள் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன்பின் நிறுத்துதல் வேண்டும்.