பிழை யாருடையது? முஸ்ஹஃபின் வடிவமைப்பு குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு கதவின் முன் நின்று, தள்ளுவதா இழுப்பதா என்று தடுமாறாதவர் நம்மில் எவரும் இரார். தடுமாறியபின் நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் இந்த வெட்கம் தேவையற்றது என்றார். தட்டையான தகடு பொருத்திய கதவைக் கை தானாகவே தள்ளும். பிடி வைத்த கதவைத் தானாகவே இழுக்கும். ‘தள்ளுக’ என்று எழுதி ஒட்ட வேண்டிய நிலைக்கு ஒரு கதவு வந்துவிட்டதெனில், குற்றம் அதை வடிவமைத்தவருடையதே என்பது அவர் வாதம். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது பழி முதலில் அங்குப் பணியிலிருந்தோர் மீதே விழுந்தது. அதை ஆராய அழைக்கப்பட்டோருள் ஒருவரான நார்மன், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே பிழைகளை வரவழைக்கும்படி இருந்ததைக் கண்டார். அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றிய அவரது நூல் 1988இல் வெளிவந்தது. 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த அவர், ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடரைத் தம் பதவிப் பெயரிலேயே அமைத்துக்கொண்டார். இன்று அது உலகெங்கும் ஒரு தனித் தொழில்.

பிழை செய்தவரைக் கடிவதற்கு முன் பிழைக்கு இடமளித்த பொருளைத் திருத்துக என்னும் இந்நெறியைப் படித்தபோது எனக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பஸ்ரா நகரமே நினைவுக்கு வந்தது.

உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்து முஸ்ஹஃபுகளில் உயிர்க்குறிகள் இல்லை; எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளும் பெரும்பாலும் இல்லை. பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவில் ஒரே பல் போன்ற வடிவில்தான் நிற்கும். நெஞ்சில் குர்ஆனைச் சுமந்திருந்த அரபியருக்கு அது போதுமானதாயிருந்தது. இஸ்லாம் பரவி, அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் ஓதத் தொடங்கியபோது அது போதவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில் ஒரு சொல்லின் இறுதியை ஒருவர் கஸ்ரு வைத்து ஓத, இறைவன் தன் தூதரை விட்டே விலகிக்கொண்டான் என்ற பொருள் விளைந்ததைக் கேட்டு அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹிஜ்ரி 69) நடுங்கிப் போனார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவரை இப்பணிக்குத் தூண்டியவர் யார் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அது இங்கு நமக்கு முக்கியமன்று. அவர் ஓதியவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை என்பதே முக்கியம். எழுத்தரை அமர்த்தி, தாம் ஓதும்போது வாய் திறந்தால் எழுத்தின் மேலும், தாழ்ந்தால் கீழும், இதழ் குவிந்தால் பக்கத்திலும் புள்ளியிடச் செய்தார். வாயின் அசைவே தாளில் புள்ளியின் இடமாயிற்று. நெறியாக வகுத்தளிக்க அன்று உலகில் எவரும் இல்லாதபோது செய்த வேலை இது. புள்ளிகளை வேறு நிற மையில் இட்டதனால் மூல எழுத்தின் தூய்மையும் காக்கப்பட்டது.

ஹஜ்ஜாஜின் ஆட்சிக் காலத்தில் நஸ்ர் பின் ஆஸிமும் யஹ்யா பின் யஃமரும் எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளை ஒழுங்குபடுத்தினர் என்பர். இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. ஒரே பக்கத்தில் இருவகைப் புள்ளிகள். நிறம் ஒன்றே வேறுபாடு. மை மங்கினால் என்ன ஆகும்? கலீல் பின் அஹ்மத் அல்ஃபராஹீதி அதைத் தீர்த்துவைத்தார். ழம்முக்குச் சிறிய வாவு, ஃபத்ஹுக்குச் சாய்ந்த சிறிய அலிஃப், ஷத்துக்கு ‘ஷதீத்’ என்னும் சொல்லின் முதலெழுத்தான ஷீனின் தலை என்று, குறியின் வடிவத்திலேயே ஒலியை வைத்தார். கற்பவர் புதிதாக எதையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. தெரிந்த எழுத்தே சிறிதாகி மேலே நிற்கிறது. முதலில் கவிதை நூல்களில் வழங்கிய இம்முறை முஸ்ஹஃபில் ஏற்கப்படக் காலம் பிடித்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மூல முஸ்ஹஃபுகளில் புள்ளியிடுவதை விரும்பவில்லை என்றும், சிறார் கற்கும் பிரதிகளில் அதைத் தடுக்கவில்லை என்றும் அறிவிக்கப்படுகிறது. பயன்படுத்துபவர் யார் என்று கேட்டுத் தீர்ப்பளித்த அந்த நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஸஜாவந்தீ வகுத்த நிறுத்தற்குறிகளும் இவ்வழியில் வந்தவையே. மீம் இருந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். லா இருந்தால் நிறுத்தலாகாது. பொருள் தெரியாமல் ஓதுபவரும் பொருளைச் சிதைத்துவிடாமல் அவை காக்கின்றன.

ஆயினும் எல்லாம் குறைவற்றது என்று சொல்வதற்கில்லை. சாதாரண அரபு நூல்களில் ஸுகூனைக் குறிக்கும் சிறு வட்டம், மதீனா முஸ்ஹஃபில் ஒலிக்கப்படாத அலிஃபின் மீது நிற்கிறது. அங்கு ஸுகூனின் குறி வேறு. ஒரே குறிக்கு இரு பொருள் இருந்தால் மாணவர் தடுமாறுவது இயல்பே. அப்போது அவர் காதைத் திருகும் ஆசிரியர்களை நான் அறிவேன்; நானும் அவர்களுள் ஒருவனாயிருந்திருக்கிறேன்.

மதீனா முஸ்ஹஃபின் சிறப்பு அதன் பக்க அமைப்பில் உள்ளது. உஸ்மானியத் துருக்கியரின் மரபைப் பின்பற்றிப் பக்கத்துக்குப் பதினைந்து வரிகள். மொத்தம் 604 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தில் தொடங்கி ஒரு வசனத்தில் முடியும். மனனம் செய்பவருக்கு இது பெரும் வசதி. ஏனெனில் ஹாஃபிழ் சொற்களை மட்டுமன்றி அவை அமைந்த இடத்தையும் சேர்த்தே மனத்தில் பதிக்கிறார்.

இதை நான் ஒரு மாணவரிடமிருந்து கற்றேன். பன்னிரண்டு ஜுஸ்வுகளை நம் நாட்டு அச்சுப் பிரதியில் மனனம் செய்திருந்தார். கொடையாளர் ஒருவர் புதிய மதீனா முஸ்ஹஃபுகளைத் தந்தபோது, அமைப்பில் சிறந்தது அதுவே என்று எண்ணி, எல்லாரும் மாறிக்கொள்ள வேண்டும் என்று பணித்தேன். ஒரு வாரத்தில் அவருடைய ஓதல் குலைந்தது. தெரிந்த ஸூராவில் நடுவே நின்றுவிடுவார். கவனக்குறைவு என்றேன், பிறர் முன்னிலையில் கடிந்தேன். பிறகு ஒருநாள் தனியே அழைத்துக் கேட்டபோது தலைகுனிந்தபடி சொன்னார்: “ஹஜ்ரத், அந்த ஆயத்து இடப்பக்கத்தில் மேலே இருக்கும். இப்போது அங்கே தேடினால் வேறு ஆயத்து நிற்கிறது.”

அலமாரியின் அடியில் கட்டிவைத்திருந்த பழைய பிரதிகளை அன்று மாலையே அவிழ்த்தேன். அட்டை பிய்ந்திருந்த தம்முடையதை அவர் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார்.