ஓரிரவு வட்டியும் முப்பத்தைந்து ஆண்டுக் கடனும்

செராஸில், தாமான் கன்னாட் எம்ஆர்டி நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், 500,000 ரிங்கிட்டுக்கு ஒரு கொண்டோ வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காட்டைக் கையிலிருந்து போட்டால் வங்கிக் கடன் 450,000. தவணைக்காலம் 35 ஆண்டு. இந்த நீண்ட கடனின் கடிவாளம் ஒரே ஓர் இரவின் கையில் இருக்கிறது.

வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்கு மட்டும் கைமாற்று வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கைமாற்றுக்கு மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா குறிக்கும் இலக்கு வட்டிதான் ஓபிஆர். 2020 ஜூலையில் அது 1.75 விழுக்காடு, வரலாறு காணாத அடிமட்டம். 2022 மே தொடங்கி ஓராண்டுக்குள் ஐந்து முறை ஏறி 3.00 ஆனது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது.

அந்த ஓரிரவு எப்படிச் செராஸ் வீட்டுக்குள் வருகிறது? 2022 ஆகஸ்டிலிருந்து மாறும் வட்டியில் தரப்படும் புதிய வீட்டுக் கடன்கள் எல்லாவற்றுக்கும் எஸ்பிஆர் என்னும் ஒரே அடிப்படை வட்டி. ஓபிஆர் அசைந்தால் அதுவும் அதே அளவு அசையும். அதன்மேல் ஒவ்வொரு வங்கியும் தன் பங்கைச் சேர்க்கும். அடிப்படை எல்லா வங்கிக்கும் ஒன்றே என்பதால், பேரம் பேச வேண்டியது அந்தப் பங்கில்தான்.

நம் கடனுக்கு வங்கியின் பங்கு 1.35 என்று கொள்வோம். ஓபிஆர் 1.75ஆக இருந்தால் மொத்த வட்டி 3.10, மாதத் தவணை சுமார் 1,757 ரிங்கிட். ஓபிஆர் 3.00 ஆனால் வட்டி 4.35. ஒன்றேகால் விழுக்காடுதானே, தவணையை ஏற்றாமல் கடனைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே 4.35 வட்டியில் அதே 1,757 கட்டினால் கடன் எப்போது முடியும்? ஏறக்குறைய 61 ஆண்டில்! முப்பது வயதில் வாங்கியவர் தொண்ணூறைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருப்பார்.

முதல் தவணையைப் பிரித்துப் பார்த்தால் சூட்சுமம் புலப்படும். 450,000க்கு 4.35 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி மட்டுமே 1,631 ரிங்கிட். மீதி 126தான் அசலைத் தொடும். ஆற்று வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடுபவர் நகர்வதுபோல் அசல் அங்குலம் அங்குலமாகக் குறையும்.

ஆனால் 2013 ஜூலையிலிருந்து வீட்டுக் கடனுக்கு உச்சவரம்பு 35 ஆண்டு. காலம் நீள முடியாததால் தவணைதான் ஏறவேண்டும்: 2,088 ரிங்கிட். வட்டி ஏறியது 1.25 புள்ளி, தவணை ஏறியது ஏறத்தாழ 19 விழுக்காடு. 3.10 வட்டியில், தவணையின் பெரும்பங்கு அசலுக்குப் போகும் நாள் பன்னிரண்டரை ஆண்டில் வந்துவிடும். 4.35இல் அதற்குப் பத்தொன்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு கடன் தாங்கும்? வீட்டின் விலையிலிருந்து தொடங்குவதைவிடத் தவணையிலிருந்து பின்னோக்கிப் போவதே புத்திசாலித்தனம். வங்கியும் அப்படித்தான் பார்க்கிறது. ஊழியர் சேமநிதி, சொக்சோ, வரி எல்லாம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை பங்கு கடன்களுக்குப் போகிறது என்று கணக்கிடும். அந்த விகிதத்துக்கு டிஎஸ்ஆர் என்று பெயர். கைக்கு 5,500 வந்து, காருக்கு 700 போகிறது என்றால், 1,757 தவணையில் டிஎஸ்ஆர் 45 விழுக்காடு, 2,088இல் 51. கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால், ஏற்றத்தின் பாரம் முழுவதும் வீட்டின்மேல்தான் விழும்.

வங்கி எவ்வளவு தரும் என்பதும் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதும் வேறு வேறு. டோல், பள்ளி வேன், அம்மாவின் மருந்து எதுவும் டிஎஸ்ஆரில் இல்லை. என்னைக் கேட்டால், கணக்கிட்ட வட்டியோடு ஒரு விழுக்காட்டைக் கூட்டியே தவணையைப் பார்ப்பேன். 4.35ஐ 5.35 ஆக்கினால் அதே கடனுக்கு 2,373 ரிங்கிட். மாதம் 1,757க்குமேல் முடியாது என்றிருப்பவருக்கு, 4.35இலேயே கடன் சுமார் 378,000தான் தாங்கும். பத்து விழுக்காடு முன்பணத்தோடு அது 420,000 ரிங்கிட் வீடு. செராஸில் அந்த விலைக்கு, நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளியோ ஓர் அறை குறைத்தோ தேடலாம்.