உடல் கிடைக்காதவருக்கும் ஒரு மெழுகுதிரி
ருமேனியாவில் நான் கண்டவை

சமூகப்பணிப் பயிற்சி ஒன்றுக்காக ருமேனியாவின் மேற்கே உள்ள திமிஷோரா நகரில் நான்கு மாதங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மொழி தெரியாது, குளிரும் பழக்கமில்லை. ஆயினும் அங்குள்ள பெண்களுடன் பழகப் பழக, அவர்களது வாழ்க்கை எமக்கு அந்நியமானதல்ல என்பதை உணர்ந்தேன்.

நகரத்தில் பலர் பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட தொடர்மாடி வீடுகளில் வசிக்கிறார்கள். மாலை வேளைகளில் மூத்த பெண்கள் வாசல் வாங்கில் அமர்ந்து கதைப்பார்கள். அயலவர்கள் அவர்களை 'தான்தி' என்று அழைப்பார்கள். எமது 'அன்ரி' போலத்தான். குளிர்காலம் வருமுன் கறிமிளகாயையும் கத்தரிக்காயையும் சுட்டு, எண்ணெயில் வதக்கி, போத்தல்களில் அடைத்து வைப்பார்கள். இதற்கு 'ஸகுஸ்கா' என்று பெயர். ஒரு வீட்டில் செய்தால் அயல்வீட்டுக்கும் ஒரு போத்தல் போகும்.

இறந்தவர்களை நினைவுகூரும் முறையும் என்னைக் கவர்ந்தது. அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். 40ஆம் நாளிலும் ஆண்டு நிறைவிலும் கோதுமையை அவித்து, சீனியும் வால்நட் பருப்பும் சேர்த்து 'கொலிவா' செய்து எல்லோருக்கும் பகிர்வார்கள். தேவாலய முற்றத்தில் மெழுகுதிரி ஏற்ற இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று உயிருடன் இருப்போருக்கு, மற்றது இறந்தோருக்கு.

அப்படியானால் காணாமற்போன ஒருவருக்கு எந்தப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றுவது?

இந்தக் கேள்வி திமிஷோராவில் உண்மையாகவே எழுந்தது. சௌசெஸ்குவின் சர்வாதிகார ஆட்சிக்கு எதிரான எழுச்சி 1989 டிசம்பரில் இந்நகரில்தான் தொடங்கியது. டிசம்பர் 17ஆம் திகதி ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அடுத்த இரவு, வைத்தியசாலையின் பிணவறையில் இருந்த 40க்கும் மேற்பட்ட உடல்கள் இரகசியமாக லொறியில் ஏற்றப்பட்டுத் தலைநகர் புக்கரெஸ்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அவை எரிக்கப்பட்டு, சாம்பல் நகருக்கு வெளியே கழிவுநீர்க் கால்வாயில் கொட்டப்பட்டது. உறவினர்களோ வைத்தியசாலைகளிலும் மயானங்களிலும் தேடி அலைந்தார்கள்.

என் தொடர்மாடியில் வசித்த ஒரு தான்தியின் கணவரும் அவர்களில் ஒருவர். உடன் பணியாற்றிய பெண் மொழிபெயர்க்க, அவர் தன் கதையைச் சொன்னார். சாம்பல் பற்றிய செய்தி தெரிந்த அன்றே மாமியார் மெழுகுதிரியை இறந்தோர் பக்கம் வைத்தாராம். இவரோ ஒரு வருடத்துக்கு மேலாக உயிருடன் இருப்போர் பக்கமே ஏற்றினார். இதனால் வீட்டில் சண்டை. "நீ என் பிள்ளையின் ஆன்மாவை அலைய விடுகிறாய்" என்று மாமியார் அழ, "நீங்கள் அவரைக் கைவிட்டு விட்டீர்கள்" என்று இவர் அழுவாராம். பின்னர் ஒருநாள் மாமியாரே, "உனக்கு எப்போது முடியுமோ அப்போது வை" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவரால் பக்கம் மாற முடிந்தது.

இவ்வாறான துயரை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தாக விளக்கினார். இறந்தாரா, இருக்கிறாரா என்ற முடிவு இல்லாததால் அழுது தீர்க்கவும் முடிவதில்லை. இது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல.

அங்குள்ள குடும்பங்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. சங்கங்களாகச் சேர்ந்தார்கள். 1990இல் கொல்லப்பட்டோரைத் தியாகிகளாக ஏற்று, குடும்பங்களுக்கு உரிமைகள் வழங்கும் சட்டம் வந்தது. ஆனால் கொடுப்பனவு கிடைத்ததுடன் அவர்கள் நீதி கேட்பதை நிறுத்தவில்லை. திமிஷோராக் கொலைகளுக்காக முன்னாள் ஜெனரல்கள் இருவருக்கு விதிக்கப்பட்ட 15 ஆண்டுச் சிறைத் தண்டனை 2008இல்தான் இறுதியாக உறுதியானது. புரட்சிக் காலக் கொலைகள் பற்றிய விசாரணை போதியதாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. இத்தனை வருடங்கள் சென்றும் டிசம்பர் மாதத்தில் குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன.

அன்பான சகோதரிகளே, எமது ஊர்களிலும் ஒரே வீட்டில் ஒருத்தி திவசம் கொடுக்க வேண்டும் என்பாள், மற்றவள் அவர் வருவார் என்று காத்திருப்பாள். இருவருமே அவரை நேசிப்பவர்கள்தான். காணாமற்போனவரின் மனைவியிடம் பொட்டை அழி என்றோ, இனியும் காத்திராதே என்றோ சொல்லும் உரிமை அயலவருக்கு இல்லை. சாட்சியம் சொல்வதா, சான்றிதழ் பெறுவதா என்ற முடிவையும் அவளே எடுக்கட்டும். பெற்றாலும் உண்மையைக் கேட்கும் உரிமை அவளை விட்டுப் போவதில்லை. படங்களையும் கடிதங்களையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் பத்திரமாக வைத்திருக்க அவளுக்கு உதவுவோம். அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பாமல் கூடவே போவோம். அவளது நேரம் வரும்வரை அவசரப்படுத்தாமல் அருகில் இருப்போம்.