நேர்மையான கோலும் நேர்மையான தச்சரும்

ஆலங்குளத்துப் பள்ளி உபாத்தியாயருக்குப் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அது துரைமார்களின் விளையாட்டு ஆயிற்றே! துரைமார்கள் போய்விட்டார்கள், விளையாட்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதன் கிளையான ஸ்நூக்கர், 1875-இல் ஜபல்பூரில் பட்டாளத்து உத்தியோகஸ்தர்களிடையே பிறந்ததாகச் சொல்வார்கள். 1882-இல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டது நமது உதகமண்டலத்தில். 1958-இல் வில்ஸன் ஜோன்ஸ் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலக அமெச்சூர் பட்டம் பெற்றார். 2025-இல் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் பெண்களுக்கான உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். ஆகவே, வீட்டுப் பிள்ளை தனக்கென ஒரு கோல் வேண்டும் என்று கேட்டால் சிரித்துத் தள்ளுவதற்கில்லை.

கோலைச் செய்து தருபவர் யார் என்பதில்தான் சங்கடம். ஸ்நூக்கர்க் கோல் சுமார் 58 அங்குல நீளமும், நுனியில் 9 அல்லது 10 மில்லிமீட்டர் பருமனும் உள்ளது. பூல் ஆட்டத்தில் பந்து பெரிது. கோலின் நுனியும் 12, 13 மில்லிமீட்டர் வரை இருக்கும். தண்டு ஆஷ் அல்லது மேப்பிள் மரம். அடிப்பிடிக்குப் பெரும்பாலும் கருங்காலி. ஆடுகிறவரின் உயரம், கைந்நீளம், பிடிக்கும் தினுசு இவற்றுக்கேற்ப எடையும் பருமனும் மாறும்.

என்னிடம் படித்த வாலிபன் ஒருவன், தென்காசியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை, படத்தில் கண்ட பளபளப்பில் மயங்கி, முகமறியாத ஒருவருக்கு முழுமையாக முன்பணம் அனுப்பினான். எட்டு மாதம் கழித்துக் கோல் வந்தது. குற்றாலச் சாரல் இரண்டு வாரம் அடித்தது. கோல் வில்லாக வளைந்தது. ஈரத் துணியால் துடைத்தால் கருங்காலி கறுப்புச் சாயமாக இறங்கிற்று! எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

மரம் பதப்படாமல் கடைசலுக்குப் போனதே இந்த வளைவுக்குக் காரணம். பச்சை மரம் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் முறுக்கிக் கொள்ளும். நல்ல தொழிலாளி மரத்தை வருஷக்கணக்கில் உலர்த்துவார். கடையும்போதும் ஒரேயடியாக மெலிய வைக்காமல், கொஞ்சம் கடைந்து, சில வாரம் ஆறவிட்டு, மறுபடி கடைவார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக் கைவினைஞர்கள் பழைய வீடுகளை இடித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவதும் இந்த நியாயத்தாலேதான். "மரம் எத்தனை வருஷத்தியது?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆளின் தரம் பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி, அவர் உங்களைக் கேட்கும் கேள்வியில் தெரியும். உயரம் என்ன, இப்போது எந்தக் கோலால் ஆடுகிறீர், அதில் என்ன குறை என்று விசாரிக்காமல் விலையை மாத்திரம் சொல்பவர் கடைக்காரரே தவிரக் கைவினைஞர் அல்லர். ஸ்டீவ் டேவிஸ், ரானி ஓ'ஸல்லிவன் முதலிய சாம்பியன்களுக்குக் கோல் செய்த லண்டன் ஜான் பாரிஸின் புகழுக்கு விளம்பரத்தைவிட அவர் கோலைக் கையிலெடுத்து ஆடியவர்களே சாட்சி. நம் ஊர்த் தொழிலாளிக்கும் அப்படிச் சாட்சிகள் இருப்பார்கள். புதிதாக வாங்கியவரை விட்டு, மூன்று நான்கு மழைக்காலம் அந்தக் கோலை வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள்.

கண்ணுக்கும் வேலை உண்டு. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோலின் நீளத்தை நோக்க வேண்டும். கருங்காலியும் வெளிர் மரமும் கோத்துக்கொள்ளும் இடத்தில் நாக்குகள்போல் முனைகள் தெரியும். கைவேலையில் அவை வளைந்து முடியும். யந்திர வேலையில் ஊசிபோல் கூர்ந்திருக்கும். யந்திர வேலை பாவமன்று. அதற்குக் கைவேலையின் விலை கேட்பதுதான் பாவம். கருங்காலித் துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அசல் வைரமானால் பெரும்பாலும் மூழ்கிவிடும்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: மரம் தேர்ந்ததும் ஒரு பங்கு, கடைசல் முடிந்ததும் ஒரு பங்கு, கோல் கைக்கு வந்து சோதித்த பிறகு மீதி. இதற்கு முகம் சுளிப்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். கோல் வந்தபின் அதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சாரல் காலத்தில் உறையிலிட்டுப் படுக்கையாக வையுங்கள்.