பாதை திறந்திருந்தால் போதுமா?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் பிழைக்கிறார்கள். என் அக்காள் மகனும் தெம்பனிஸில் இருக்கிறான். மேற்படிப்பு விண்ணப்பத்தைக் கடைசி நாளன்று ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அனுப்பினான். இணைப்பு இருப்பதாகத் திரை காட்டியது. பொத்தானைத் தட்டிவிட்டு மூடினான். விண்ணப்பம் போகவே இல்லை, ஓராண்டு வீணாயிற்று.

இது எதனால் நேர்ந்தது?

லயத்திலிருந்து ஆபீஸ் வரை பாதை நன்றாக இருக்கலாம். அதற்கப்பால் ஆற்றுப்பாலம் உடைந்திருந்தால் கடிதம் பட்டணம் சேருமா? வைஃபை அடையாளம் காட்டுவது ஆபீஸ் வரையுள்ள பாதையைத்தான். சிங்கப்பூரில் 2006 டிசம்பரில் தொடங்கிய 'வயர்லெஸ் எட் எஸ்ஜி' என்னும் இலவசத் திட்டத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில், அலை கிடைத்த பிறகும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் இணையம் திறந்தது. அதுவரை கணினி வாசலில் நிற்கும் விருந்தாளிதான்.

2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், கணினியே இதைச் சோதிக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஒரு சிறு கோப்பைக் கேட்கும். எதிர்பார்த்த சொற்கள் வந்தால், இணையம் உண்டு என்று கொள்ளும்.

அப்படியானால், இணைப்பின் நிலையைக் கணினியிலுள்ள செயலிகளுக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லலாம். ஆனால், செயலி அதையே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. லினக்ஸ் கணினிகளில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்றொரு மேற்பார்வையாளர் உண்டு. தன் கைவழியே வராத இணைப்பை அது அறியாமல், "இணைப்பில்லை" என்று சொன்னதுண்டு. அதை நம்பி, 2008-இல் வந்த பயர்பாக்ஸ் 3 உலாவி, இணையம் இருந்தும் வேலை செய்ய மறுத்தது. பாலம் சரியாக இருக்க, யாரோ சொன்னதைக் கேட்டு வண்டியை நிறுத்திய கதைதான்!

ஆகவே நல்ல செயலி முதலில் நாம் எழுதியதைத் தன்னிடம் பத்திரப்படுத்தும். இணைப்பில்லை என்று கேள்விப்பட்டாலும், நாம் கேட்டால் ஒருமுறை முயன்று பார்க்கும். முடியாவிட்டால் தபால்பையில் வைத்திருந்து, வழி திறந்ததும் அனுப்பும். போகவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லும்.

பெற்றோர்களே, பதிவுத் தபாலுக்கு ஒப்புகைச் சீட்டு வரும்வரை நாம் காத்திருப்பதில்லையா? அதுபோல, "கிடைத்தது" என்ற பதில் வரும்வரை கணினியை மூட வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.