பன்னிரண்டு லட்சம் என்றால் கைக்கு எவ்வளவு?

“பன்னெண்டு லட்சம் சொல்றாங்கண்ணே. இன்னும் எவ்வளவு கேக்கலாம்?” ஆறு வருடமாக ஆரக்கிளில் பிஎல்/எஸ்க்யூஎல் எழுதுகிற தம்பி ஒருவன் கேட்கிறான். ஓஎம்ஆர் கம்பெனி ஒன்றின் ஆஃபர் லெட்டர் அவன் போனில் இருக்கிறது. கேட்பது அப்புறம், தம்பி. டீயைக் குடி, முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இந்த 12 லட்சம் சிடிசி. உன்னை வேலைக்கு வைத்தால் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு அது. பேசிக் பாதி, அதாவது 6 லட்சம் என்று வைத்துக்கொள். அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பிஎஃப், 72,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், ஏறக்குறைய 29,000. பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் இது கிடைக்கும். ஐடியில் அவ்வளவு காலம் யார் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்? வேரியபிள் என்று 1,20,000 போட்டிருப்பார்கள், வந்தால் உண்டு. இன்ஷூரன்ஸ் ஒரு 15,000. எல்லாம் போக 9.64 லட்சம். அதிலும் உன் பங்கு பிஎஃப் 72,000 பிடிப்பார்கள். மாதம் கைக்கு வருவது 74,000 சொச்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வரி கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

வேரியபிளே இல்லாமல் 11.5 லட்சம் தருகிறவன் வந்தால் அவன்தான் உனக்கு உறுதியாக அதிகம் தருகிறவன். ஆகவே எச்ஆரிடம் முதல் கேள்வி, “ஃபிக்ஸட் எவ்வளவு?”

இப்போது உன் கேள்வி. வாங்குகிற சம்பளத்தின் மேல் 30 சதவீதம் என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். 2021, 22-இல் ஆள் கிடைக்காமல் தவித்தபோது அதற்கு மேலேயும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த மழை விட்டுவிட்டது. நாலு டேபிளை ஜாயின் செய்து ரிப்போர்ட் எடுப்பதை இன்று சாட்ஜிபிடியே எழுதித் தருகிறது. அதைக் காட்டி ஹைக் கேட்பது கஷ்டம்.

ஆனால் மாதக்கடைசி பேட்ச் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வை. யாரோ தேதி இருக்கும் நெடுவரிசையின் மேல் டூ_சார் போட்டு வடிகட்டியிருக்கிறார்கள். அதனால் இன்டெக்ஸ் இருந்தும் ஆரக்கிள் அதைத் தொடாமல் டேபிள் முழுவதையும் படிக்கிறது. எக்ஸிக்யூஷன் பிளானைப் பார்த்து அதைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இன்னும் விலை இருக்கிறது. கிளவுட் வந்தபின் அது கூடியிருக்கிறது என்றே சொல்வேன். ஸ்னோஃப்ளேக் ஓடுகிற நேரத்துக்குக் காசு கேட்கிறது. பிக்குவெரியின் வழக்கமான கட்டணம் படிக்கிற டேட்டாவின் அளவுக்கு. முன்பு மோசமான குவெரி என்றால் காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான். இப்போது அது பில்லில் தெரியும். அதைக் குறைத்திருந்தால் எவ்வளவு என்று எண்ணாகச் சொல். பேரம் பேச உன் பழைய சம்பளத்தைவிட நல்ல பிடி அது.

ஆரக்கிள் மட்டும் தெரியும் என்று கவலைப்படுகிறாய். அமேசான் தன் நுகர்வோர் வணிகத்தில் இருந்த சுமார் 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களை வேறு இடத்துக்கு மாற்றி முடித்தது 2019-இல். லைசென்ஸ் செலவுக்குப் பயந்து போஸ்ட்கிரெஸுக்குப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும், பழைய பேக்கேஜுக்குள் பதினைந்து வருடம் முன்பு யாரோ எழுதிவைத்த வட்டிக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள உன்னை மாதிரி ஆள்தான் வேண்டும். போஸ்ட்கிரெஸையும் கற்றுக்கொண்டு போ. அப்போது 15, 16 கேட்டாலும் வாய் கூசாது.

ஒன்று விட்டுப்போச்சு, நோட்டீஸ். உனக்கு 90 நாள் என்றால் சீக்கிரம் சேரச் சொல்வார்கள். பைஅவுட் பணம் யார் கட்டுவது என்று மெயிலில் வாங்கிக்கொள். ஜாயினிங் போனஸ் தந்தால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்களா என்றும் அதிலேயே பார்த்துவிடு.