குளுகுளு மக்ரோனி சாலட்: வீட்டிலேயே செய்யலாம்! ஆனால் பிரிஜ்ஜை நம்பி ஏமாறாதீர்கள்

பெல்ஜியம் நாட்டில் ஒரு குடும்பம். அந்த வீட்டில் 5 குழந்தைகள்.

2003-ம் ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் "பாஸ்தா சாலட்" செய்தார்கள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போனார்கள். சாப்பிட்டது போக மிச்சத்தைக் கொண்டு வந்து பிரிஜ்ஜில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை இரவு அந்த மிச்சத்தைக் குழந்தைகள் சாப்பிட்டார்கள். 6 மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 7 வயதுச் சிறுமி இறந்து போனாள்! மற்ற நாலு பேரும் பிழைத்தார்கள்.

பிரிஜ்ஜில் வைத்தும் கெட்டது ஏன்? சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிஜ்ஜுக்குள் 14 டிகிரி இருந்தது! இருக்க வேண்டியது 5 டிகிரிக்குள்.

கொதித்தாலும் சாகாது

"பேசில்லஸ் சீரியஸ்" என்று ஒரு கிருமி. மண்ணில் இருப்பது. அரிசி, கோதுமை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். இதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. வெந்த பண்டம் சூடு ஆறிச் சும்மா கிடந்தால், வித்து முளைத்துப் பெருகும், விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது.

இதைக் கேட்டு, சாலட்டே வேண்டாம் என்று பயந்துவிட வேண்டாம். செய்கிற விதமாகச் செய்தால் நல்ல பண்டம்தான். அமெரிக்காவில் விருந்து, சுற்றுலா எதுவானாலும் இது இருக்கும். ஹவாய் தீவில் சோற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கரண்டி வைக்கிறார்கள்!

செய்வது எப்படி?

கால் கிலோ மக்ரோனி. இரண்டரை லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் உப்புப் போட்டு, மக்ரோனியைக் கொட்டுங்கள். சூடாகச் சாப்பிடுவதற்கு வேக வைப்பதைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாக வேகட்டும். குளிர்ந்தால் மக்ரோனி விறைத்துக்கொள்ளும். அதனால்தான்.

வடிகட்டியதும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டாம். சூட்டோடு சூடாக 2 ஸ்பூன் வினிகர் தெளியுங்கள். புளிப்பு உள்ளே இறங்கும். பிறகு அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். சீக்கிரம் ஆற வேண்டும். குண்டானில் குவித்து வைத்தால் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம்!

ஒரு காரட்டைத் துருவுங்கள். அரை வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கப் மயோனைஸ், கால் கப் பால், மிளகுத் தூள், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாவற்றையும் கலக்குங்கள். மக்ரோனி ஆறியதும் இதில் பாதியை ஊற்றிக் கிளறி, மூடி, பிரிஜ்ஜில் வையுங்கள். மீதிப் பாதியையும் தனியாக உள்ளே வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் மக்ரோனி முதல் பாதியைக் குடித்துவிட்டிருக்கும். பரிமாறும்போது மறு பாதியைக் கலந்தால் வெண்ணெய் போல் வழுக்கும். "எங்கள் வீட்டில் செய்தால் வறவற என்று இருக்கிறதே" என்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஊற்றியவர்களே!

மயோனைஸ் என்பது முட்டைக் கரு, எண்ணெய், வினிகர் சேர்த்து அடித்தது. பச்சை முட்டையில் வேறொரு கிருமி இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8-ந் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தார்கள். கடையில் முட்டை சேர்க்காத மயோனைஸ் கிடைக்கிறது. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, நீரை வடித்தும் சேர்க்கலாம். ருசி கொஞ்சம் மாறும். குழந்தைகளுக்கு அதுவே போதும்.

எவ்வளவு நேரம்?

வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான். பயணத்துக்குக் கொண்டு போனால் ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டு போங்கள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். வீட்டில் பிரிஜ்ஜில் இருப்பதை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பிரிஜ்ஜுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, ஒரு ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள். கதவை அடிக்கடி திறக்கிற வீட்டிலும், மின்சாரம் அடிக்கடி போகிற வீட்டிலும் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று தெரியும்.